18 வயதுக்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை: இங்கிலாந்தில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளும் பெரியவர்களுக்கான சமூகப் பராமரிப்பும்

இங்கிலாந்தில் ஒரு மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு 18 வயது ஆகும்போது பல விஷயங்கள் ஒரே நேரத்தில் மாறிவிடுகின்றன. அதுவரை வீட்டுக்கு வந்துபோன சோஷியல் வொர்க்கர் மாறுகிறார். சின்ன வயதிலிருந்து பார்த்துவந்த குழந்தைகள் நல மருத்துவர் விடைபெறுகிறார். சட்டம் மாறுகிறது, பணக் கணக்கு மாறுகிறது, கையெழுத்துப் போட வேண்டிய ஆளும் மாறுகிறார். பிள்ளை மட்டும் முந்தைய நாள் இருந்த மாதிரியேதான் இருக்கிறான்.

இந்த மாற்றத்தை இங்கே டிரான்சிஷன் என்கிறார்கள். பள்ளிக் கூட்டங்களிலும் கவுன்சில் எனப்படும் உள்ளாட்சி அமைப்பின் கடிதங்களிலும் இந்தச் சொல் அடிக்கடி வரும். ஆனால் அது எப்போது தொடங்குகிறது, யார் தொடங்கிவைக்க வேண்டும், வீட்டில் நாம் செய்ய வேண்டியது என்ன என்பதை யாராவது உட்காரவைத்துச் சொல்வது அரிது. நான் பார்த்தவரை, லண்டனில் ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றுக்குப் பிள்ளை பள்ளியை முடிக்கும் வருடத்தில்தான் விஷயமே தெரியவருகிறது. அப்போது நேரம் போதுவதில்லை. ஆகவே எதுவும் தெரியாமல் தொடங்குபவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். இதில் சொல்லும் சட்டங்கள் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் ஏற்பாடு வேறு.

தானாக எதுவும் நகராது

18 வயது வரை கிடைக்கும் சமூகப் பராமரிப்பு, 1989-ஆம் ஆண்டின் சில்ட்ரன் ஆக்ட் போன்ற குழந்தைகளுக்கான சட்டங்களின் கீழ் வருகிறது. வார இறுதியில் சில மணி நேரம் வெளியே கூட்டிப்போகும் கேரர், பள்ளி விடுமுறைக்கால கிளப், பெற்றோர் ஓய்வெடுக்கப் பிள்ளையை ஓர் இரவு தங்கவைத்துக்கொள்ளும் இல்லம் எல்லாம் இதில் அடக்கம். 18-க்குப் பிறகு வருவது 2014-ஆம் ஆண்டின் கேர் ஆக்ட். 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டம்தான் பெரியவர்களுக்கான சமூகப் பராமரிப்பின் அடித்தளம். இரண்டையும் நடத்துவது ஒரே கவுன்சிலாக இருந்தாலும் குழுக்கள் வேறு, பட்ஜெட் வேறு, தகுதி விதிகள் வேறு. ஒரு பக்கத்துக் கோப்பு மறுபக்கத்துக்குத் தானே போய்ச் சேர்ந்துவிடும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

"பள்ளியில் இ.ஹெச்.சி.பி. இருக்கிறதே, அது 25 வயது வரை செல்லுமே" என்று சிலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். பிள்ளைக்குக் கல்வியிலும் உடல்நலத்திலும் பராமரிப்பிலும் தேவையான உதவியைக் கவுன்சில் எழுதித்தரும் அந்தத் திட்டம் 25 வயது வரை போகலாம் என்பது உண்மைதான். ஆனால் படிப்போ பயிற்சியோ தேவைப்பட்டுத் தொடரும் வரைதான் அது இருக்கும், பல்கலைக்கழகத்துக்கும் செல்லாது. அதோடு, கல்வி ஏற்பாடு ஓடிக்கொண்டே இருந்தாலும் சமூகப் பராமரிப்பு 18-லேயே கைமாறிவிடும். இவை இரண்டும் ஒன்று என்று நினைத்திருந்து தாமதமாகிப்போன வீடுகள் நிறைய.

சரி, பாலம் எங்கே இருக்கிறது? கேர் ஆக்டின் 58-ஆவது பிரிவில் இருக்கிறது. 18-க்குப் பிறகு ஒரு பிள்ளைக்குப் பராமரிப்போ உதவியோ தேவைப்படக்கூடும் என்றால், 18 ஆவதற்கு முன்பே கவுன்சில் அந்தத் தேவைகளை மதிப்பிட வேண்டும். இதைத்தான் டிரான்சிஷன் அசெஸ்மென்ட் என்கிறார்கள். பெற்றோரும் இதைக் கேட்கலாம். விவரம் புரிந்து சம்மதம் சொல்லக்கூடிய பிள்ளை என்றால் அவர் சம்மதமும் வேண்டும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இப்போது சோஷியல் வொர்க்கர் இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இந்த உரிமை என்று சட்டம் சொல்லவில்லை. ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளை நல்ல பள்ளியில் படிக்கிறாள், பள்ளியே எல்லாவற்றையும் கவனித்துக்கொள்கிறது, அதனால் கவுன்சிலிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி முடிந்ததும் அந்தத் தாங்கல் ஒரே நாளில் போய்விடும். அவளுக்கும் இந்த மதிப்பீட்டைக் கேட்கலாம். கேட்டேயாக வேண்டும் என்பேன்.

எந்த வயதில் என்று சட்டம் ஒரே எண்ணாகச் சொல்லவில்லை. மதிப்பிடுவதால் பிள்ளைக்குக் கணிசமான பயன் இருக்கும் நேரத்தில் செய்ய வேண்டும் என்கிறது. இ.ஹெச்.சி.பி. உள்ள பிள்ளைகளுக்கு இயர் 9-இல், அதாவது 13, 14 வயதில் நடக்கும் வருடாந்தர மீளாய்வுக் கூட்டத்திலிருந்தே வேலை, வீடு, நட்பும் வெளியுலகும், உடல்நலம் ஆகியவற்றைப் பேசத் தொடங்க வேண்டும் என்பது விதி. அந்தக் கூட்டத்தில், "பெரியவர்களுக்கான பிரிவிலிருந்து யார் வருவார்கள்? எங்கள் மகனுக்கு டிரான்சிஷன் அசெஸ்மென்ட் எப்போது?" என்று கேட்டு, பதிலைக் குறிப்பேட்டில் எழுதவையுங்கள். உடல்நல, பராமரிப்பு வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2016-இல் இதற்கென்றே ஒரு வழிகாட்டுதல் தந்திருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்த மாற்றத்தை ஒருங்கிணைக்கும் ஒரு குறிப்பிட்ட ஆள் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அந்த ஆளின் பெயரைக் கேளுங்கள். பெயர் கிடைத்துவிட்டால் தொலைபேசியில் அலைக்கழிவது பாதி குறையும்.

மதிப்பீடு செய்ய மறுத்தால் கவுன்சில் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். 18-வது பிறந்தநாளுக்குள் மதிப்பீட்டை முடித்து முடிவு சொல்லவில்லை என்றால், முடிவு வரும்வரை குழந்தைகள் பிரிவின் உதவியை நிறுத்தக் கூடாது. "18 ஆகிவிட்டது, இனி எங்கள் பொறுப்பு இல்லை" என்று யாராவது போனில் சொன்னால், அது சட்டப்படி சரியில்லை என்று நீங்கள் நிதானமாகச் சொல்லலாம்.

"நாங்களே பார்த்துக்கொள்வோம்" என்ற பதில்

பெரியவர்கள் பக்கம் உதவி கிடைக்க மூன்று நிபந்தனைகள் உண்டு. தேவை ஓர் உடல் அல்லது மனக் குறைபாட்டாலோ நோயாலோ வந்திருக்க வேண்டும். சட்ட விதிகள் பட்டியலிடும் பத்து அன்றாட விஷயங்களில் இரண்டையாவது அவரால் செய்ய முடியாமல் இருக்க வேண்டும். அதனால் அவருடைய நல்வாழ்வு கணிசமாகப் பாதிக்கப்பட வேண்டும். சாப்பாடு, உடல் சுத்தம், கழிப்பறை, ஏற்ற உடை, வீட்டுக்குள் பத்திரமாக இருப்பது, வீட்டைச் சரியாக வைத்துக்கொள்வது, உறவும் நட்பும், படிப்போ வேலையோ, பஸ் முதலான வெளி வசதிகளைப் பயன்படுத்துவது, தனக்குப் பிள்ளை இருந்தால் அதைக் கவனிப்பது: இவைதான் அந்தப் பத்து.

இங்கேதான் நம் வீடுகளில் சிக்கல். "முடியாது" என்ற சொல்லுக்கு விதிகளில் தனிப் பொருள் இருக்கிறது. பிறர் உதவி இல்லாமல் முடியாது என்றாலும் அது முடியாதுதான். அருகில் நின்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்றாலும் அது உதவிதான். தனியாகச் செய்தால் வலியோ பதற்றமோ வரும், ஆபத்து வரும், அல்லது வழக்கத்தைவிடக் கணிசமாக அதிக நேரமாகும் என்றாலும் முடியாது என்றே எடுத்துக்கொள்வார்கள். இது தெரியாத அம்மாவிடம் சோஷியல் வொர்க்கர் கேட்கிறார்: "தானாகக் குளிப்பாரா?" "குளிப்பான்" என்கிறார் அம்மா, கொஞ்சம் பெருமையோடு.

உண்மையில் அந்த வீட்டுக் குளியலறையில் நடப்பது என்ன? அம்மா ஷவரைத் திறந்து, கையை நீட்டிச் சூடு பார்க்கிறார். துண்டையும் மாற்றுத் துணியையும் போடும் வரிசையில் அடுக்கிவைக்கிறார். மகன் உள்ளே போனதும் கதவை ஒருக்களித்துவிட்டு வெளியே நிற்கிறார். "சோப்பு எடு. கழுத்து. கக்கம். கால்." ஷாம்பூவை அளவாக அவன் உள்ளங்கையில் ஊற்றுகிறார், பாட்டிலைக் கொடுத்தால் முழுவதையும் கொட்டிவிடுவான். தண்ணீரை நிறுத்துவதும் அவர்தான். இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் ஆனாலும் நின்றுகொண்டிருப்பான். தரையைத் துடைத்துவிட்ட பிறகே அவனை வெளியே வரச் சொல்கிறார், ஏற்கெனவே ஒருமுறை வழுக்கியதால். பதினைந்து வருடமாகச் செய்து செய்து அம்மாவுக்கு இது வேலையாகவே தெரிவதில்லை. "குளிப்பான்" என்ற ஒரே சொல் இவ்வளவையும் மறைத்துவிட்டது. படிவத்தில் "உதவி தேவையில்லை" என்று பதிவாகிவிடும்.

மதிப்பீட்டுக்கு முன் ஒரு வாரமாவது, காலை எழுந்ததிலிருந்து இரவு வரை நீங்கள் செய்கிற, சொல்கிற, தடுக்கிற ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். இரவில் எத்தனை முறை எழுந்தீர்கள் என்பதும் சேரட்டும். நல்ல நாளை மட்டும் எழுதாமல் மோசமான நாளையும் எழுதுங்கள். பிள்ளையைக் குறை சொல்வதுபோல மனம் கூசும். எல்லாப் பெற்றோருக்கும் கூசுகிறது. ஆனால் இந்தத் தாளில் எழுதாதது இல்லாததாகிவிடும்.

"நாங்களே பார்த்துக்கொள்வோம்" என்பதும் இதே மாதிரிதான். பாசத்தில் வரும் பதில். ஆனால் சட்டம், குடும்பம் செய்வதைக் கணக்கில் எடுக்காமல் முதலில் பிள்ளையின் முழுத் தேவையையும் பார்க்கச் சொல்கிறது. அதில் எவ்வளவை நீங்கள் செய்ய முடியும், செய்ய விரும்புகிறீர்கள் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. அந்தக் கேள்விக்கு உண்மையாகப் பதில் சொல்லுங்கள். முதுகுவலியோடு வளர்ந்த மகனைத் தூக்க முடியாது என்றால் முடியாது என்று சொல்லலாம். வேலைக்குத் திரும்ப விரும்பினால் அதையும் சொல்லலாம். உங்களுக்கென்றே ஒரு தனி மதிப்பீட்டை 60-ஆவது பிரிவின் கீழ் கேட்கும் உரிமையும் உண்டு. பள்ளி போகும் தம்பியோ தங்கையோ கவனிப்பில் பங்கெடுத்தால், அவர்களுக்கும் அப்படியொரு மதிப்பீடு உண்டு.

இந்த இடத்தில் இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். கூட்டத்தில் தங்கையை மொழிபெயர்க்கவைக்காதீர்கள். அண்ணனின் கழிப்பறைத் தேவைகளை பதின்மூன்று வயதுப் பிள்ளை அந்நியர் முன்னால் ஆங்கிலத்தில் சொல்லும் நிலை வரக் கூடாது. அம்மாவும் அவள் முன்னால் பாதியை விழுங்கிவிடுவார். தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும்படி கவுன்சிலிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

16 வயதில் வரும் மாற்றம்

18 பற்றிப் பேசும்போது 16 மறந்துபோகிறது. 2005-ஆம் ஆண்டின் மென்டல் கபாசிட்டி ஆக்ட், அதாவது சொந்தமாக முடிவெடுக்கும் திறன் பற்றிய சட்டம், 16 வயதிலிருந்தே பொருந்தும். கட்டாயக் கல்வி வயது முடிந்ததும், அதாவது 16 வயது ஆகும் கல்வியாண்டின் ஜூன் மாதக் கடைசி வெள்ளிக்கிழமையோடு, இ.ஹெச்.சி.பி. தொடர்பான சட்ட உரிமைகள் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கே போய்விடுகின்றன. பிள்ளையால் அந்த முடிவுகளை எடுக்க முடியாதபோது பெற்றோர் பொதுவாக அவர் சார்பில் செயல்படலாம்.

இந்தச் சட்டத்தின் தொடக்கமே ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் உண்டு என்ற அனுமானம்தான். இல்லை என்று சொல்பவர்தான் அதைக் காட்ட வேண்டும். அதற்கு முன், அவருக்குப் புரியும்படி விளக்கச் செய்யக்கூடிய எல்லா முயற்சியும் செய்திருக்க வேண்டும்: படங்கள், எளிய சொற்கள், தாய்மொழி, அமைதியான நேரம். நமக்குப் பிடிக்காத முடிவை எடுக்கிறார் என்பதற்காகத் திறன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. திறன் இல்லாத நிலையில் பிறர் எடுக்கும் முடிவு அவருடைய நலனுக்கானதாகவும், அவருடைய சுதந்திரத்தை முடிந்தவரை குறைவாகக் கட்டுப்படுத்துவதாகவும் இருக்க வேண்டும்.

முக்கியமாக, திறன் ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியாகப் பார்க்கப்படுகிறது. வங்கிக் கணக்கு புரியாத ஒருவருக்கு, யாருடன் வாழ விருப்பம் என்பதைச் சொல்லத் தெரியலாம். "அவனுக்கு ஒன்றும் தெரியாது" என்ற ஒரே வாக்கியத்தால் எல்லாவற்றையும் மூடிவிட முடியாது.

18-க்குப் பிறகு பெற்றோர் என்ற முறையில் மட்டும் கையெழுத்துப் போட முடியாது என்பது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். மகனுக்குப் புரியும் என்றால், 18 ஆனதும் அவரே லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி எழுதி உங்களுக்கு அதிகாரம் தரலாம். புரியாது என்றால், அவருடைய பணத்தையோ சொத்தையோ நிர்வகிக்க கோர்ட் ஆஃப் புரொடெக்‌ஷன் உங்களை டெபுட்டியாக, அதாவது அவர் சார்பில் முடிவெடுக்கும் பொறுப்பாளராக, நியமிக்க வேண்டியிருக்கும். உடல்நலம், வாழ்விடம் போன்ற விஷயங்களுக்கு அந்த நீதிமன்றம் டெபுட்டியை அபூர்வமாகத்தான் நியமிக்கும். டெபுட்டி இல்லாவிட்டாலும், அவர் நலனுக்கு எது நல்லது என்று முடிவெடுக்கும்போது பெற்றோரின் கருத்தையும் கேட்டாக வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டிய தயாரிப்பு

காகித வேலை ஒருபுறம் நடக்கட்டும். என் மனதுக்கு நெருக்கமானது மறுபுறம்தான். 18 வயதில் திடீரென்று "நீங்கள் எங்கே வாழ விரும்புகிறீர்கள்?" என்று கேட்கப்படும் ஒருவருக்கு, அதுவரை காலைச் சாப்பாட்டைக்கூடத் தேர்ந்தெடுத்த பழக்கம் இல்லை என்றால் என்ன பதில் வரும்? அம்மா முகத்தைப் பார்ப்பார். நம் வீடுகளில் அன்பு காட்டுவது என்றாலே முந்திக்கொண்டு செய்துவிடுவது. ஊட்டிவிடுகிறோம், பட்டன் போட்டுவிடுகிறோம், அவர்களுக்காக நாமே பேசிவிடுகிறோம்.

13, 14 வயதிலிருந்து சின்னத் தேர்வுகளை அவர்களிடம் விடுங்கள். தோசையா பணியாரமா, நீலச் சட்டையா பச்சையா, இன்றைக்குக் கோவிலா பார்க்கா. பேச்சு வராத பிள்ளைக்கு இரண்டு பொருளைக் காட்டலாம், படம் காட்டலாம், பார்வை எங்கே நிற்கிறது என்று கவனிக்கலாம். தேர்ந்தெடுத்ததை மறுக்காமல் கொடுப்பதுதான் கஷ்டமான பகுதி. பச்சைச் சட்டையைத் தேர்ந்தெடுத்தவனுக்கு "கல்யாணத்துக்கு அது வேண்டாம்" என்று நீலத்தை மாட்டிவிட்டால், அடுத்த தடவை அவன் தேர்ந்தெடுக்கவே மாட்டான்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்குப் பேச்சு மிகக் குறைவு. கல்லூரி தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தபோது, பெற்றோர் அவளை இரண்டு கல்லூரிகளுக்கும் ஒரு தடவையோடு நிறுத்தாமல் திரும்பத் திரும்பக் கூட்டிப்போனார்கள். வாசல், வகுப்பு, சமையலறை, கழிப்பறை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டில் காட்டினார்கள். ஒரு கல்லூரியின் மண்டபப் படம் வந்தபோதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டாள். அங்கே கூட்டமும் எதிரொலியும் அதிகம். மற்றதன் சமையலறைப் படத்தைத் தானே எடுத்துக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினாள். அப்பாவுக்குப் பெரிய கல்லூரிதான் பிடித்திருந்தது. ஆனால் படத்தை ஒட்டியவள் அவள். மீளாய்வுக் கூட்டத்தில் அந்தப் போட்டோக்களே அவளுடைய பதிலாகப் பதிவாயின.

பணத்தையும் இப்படியே பழக்கலாம். கடையில் ஒரு பொருளை எடுத்து, வரிசையில் நின்று, கார்டைத் தட்டி, ரசீதை வாங்கட்டும். பின்னால் இருப்பவர் பெருமூச்சு விட்டால் விடட்டும். பஸ்ஸில் தனியாகப் போகப் பல கவுன்சில்களும் பள்ளிகளும் பயணப் பயிற்சி தருகின்றன. லண்டனில் தகுதியுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு ஃப்ரீடம் பாஸ் என்ற இலவசப் பயண அட்டை உண்டு. தன் உடல், அந்தரங்கம், யார் தொடலாம், யார் தொடக் கூடாது என்பதை அவர்களுக்குப் புரியும் விதத்தில் சொல்லிக்கொடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். நாளைக்கு அந்நியக் கேரர் ஒருவர் உடை மாற்ற உதவப்போகிறார். "வேண்டாம்" என்று சொல்லவோ கையால் காட்டவோ அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே பக்கத்தில் பிள்ளையைப் பற்றி ஒரு குறிப்பு எழுதிவைப்பது மிகவும் உதவும். எனக்குப் பிடித்தது, பயமுறுத்துவது, வலித்தால் நான் எப்படிக் காட்டுவேன், நான் தலையைத் தட்டினால் என்ன அர்த்தம், எந்த உணவு ஆகாது. முடிந்தால் அவரே வரைந்தோ படம் ஒட்டியோ செய்யட்டும். புதிய சோஷியல் வொர்க்கர் முப்பது பக்க அறிக்கையை வாசிக்காமல் விடலாம். இந்த ஒரு பக்கத்தை வாசிப்பார்.

பணம்

16 வயதில் குழந்தைகளுக்கான டி.எல்.ஏ. என்ற மாற்றுத்திறனாளி உதவித்தொகை முடிந்து, பிப் எனப்படும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது பிள்ளையின் சொந்தப் பணம். அவரால் கையாள முடியாது என்றால் பெற்றோர் அப்பாயின்டீயாக, அதாவது அவர் சார்பில் அந்தத் தொகையை வாங்கிக் கையாள்பவராக, பதிவுசெய்துகொள்ளலாம். பிள்ளை தன் பெயரில் யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகையை வாங்கத் தொடங்கினால், பெற்றோருக்கு வந்துகொண்டிருந்த சைல்ட் பெனிஃபிட்டும் அவரைச் சார்ந்த மற்ற தொகைகளும் நின்றுபோகும். மொத்தத்தில் எது லாபம் என்று கணக்குப் பார்க்காமல் விண்ணப்பிக்க வேண்டாம். சிட்டிசன்ஸ் அட்வைஸ், மென்கேப், கான்டாக்ட் போன்ற தொண்டு அமைப்புகளிடம் இலவசமாகக் கேட்கலாம். கல்வி, இ.ஹெச்.சி.பி. தொடர்பான கேள்விகளுக்கு எல்லா ஊரிலும் சென்டியாஸ் என்ற இலவச ஆலோசனைச் சேவை இருக்கிறது.

பெரியவர்களுக்கான பராமரிப்பு எல்லோருக்கும் இலவசம் இல்லை. இது பல குடும்பங்களுக்குப் புதுச் செய்தி. ஆனால் கவுன்சில் பார்ப்பது பிள்ளையின் சொந்த வருமானத்தையும் சேமிப்பையும்தான். பெற்றோரின் சம்பளத்தை இல்லை. சேமிப்பு 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் முழுச் செலவையும் அவரே கட்ட வேண்டிவரலாம். 14,250-க்குக் கீழே இருந்தால் சேமிப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. அவர் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் சம்பளத்தையும் பிப்பின் பயணப் பகுதியையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. குறைபாட்டால் ஏற்படும் கூடுதல் செலவுகளை, அதிகச் சலவை, சிறப்பு உணவு போன்றவற்றை, கழித்துக்கொள்ளும்படி கேட்கலாம். ரசீதுகளைச் சேர்த்துவையுங்கள்.

நம்மில் தாத்தா பாட்டி பேரப்பிள்ளை பெயரில் பணம் போடுவது வழக்கம். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தச் சேமிப்பு 16,000 பவுண்டைத் தாண்டினால் யூனிவர்சல் கிரெடிட்டே கிடைக்காது. உயில் எழுதும்போதும், பெரிய தொகை தரும்போதும் மாற்றுத்திறனாளிகளுக்கான டிரஸ்ட் பற்றித் தெரிந்த வழக்கறிஞரிடம் முன்பே கேட்டுவிடுவது நல்லது. 2002 செப்டம்பர் 1 முதல் 2011 ஜனவரி 2 வரை பிறந்த பல பிள்ளைகளுக்கு அரசு தொடங்கிக்கொடுத்த சைல்ட் டிரஸ்ட் ஃபண்ட் என்ற சேமிப்புக் கணக்கு இருக்கும். 18 வயதில் அது பிள்ளையின் கைக்குப் போகும். முடிவெடுக்கும் திறன் இல்லாத பிள்ளையின் பணத்தை எடுக்கப் பெற்றோருக்கும் நீதிமன்ற ஆணை தேவைப்படலாம் என்பதால், 18 ஆவதற்கு முன்பே இதைக் கவனியுங்கள்.

மருத்துவம்

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளை என்றால், 14 வயதிலிருந்து ஜி.பி.யிடம், அதாவது குடும்ப மருத்துவரிடம், வருடாந்தர உடல் பரிசோதனை கேட்கலாம். அதற்கு ஜி.பி.யின் அறிவுசார் குறைபாட்டுப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று ஒரு போன் செய்து கேளுங்கள். குழந்தைகள் நல மருத்துவர் ஒருவரே பார்த்ததைப் பெரியவர்கள் பக்கம் பல சிறப்பு மருத்துவர்கள் பிரித்துப் பார்ப்பார்கள் என்பதால், ஜி.பி.க்குப் பிள்ளையை நன்றாகத் தெரிந்திருப்பது அவசியமாகிறது.

மருத்துவத் தேவை மிக அதிகமாக உள்ளவர்களுக்கு, அரசு மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ்.ஸின் கன்டினியூயிங் ஹெல்த்கேர் என்ற ஏற்பாடு உண்டு. தகுதி கிடைத்தால் அந்தப் பராமரிப்புச் செலவு முழுவதையும் என்.ஹெச்.எஸ். ஏற்கும், சேமிப்பைப் பார்ப்பதில்லை. தேசிய வழிகாட்டுதலின்படி 14 வயதில் இப்படிப்பட்ட பிள்ளைகளை அடையாளம் காண வேண்டும், 16-இல் முறையாகப் பரிந்துரைக்க வேண்டும், 17-இல் தகுதி உண்டா என்பது பற்றிக் கொள்கையளவிலான முடிவு வந்துவிட வேண்டும். இரவிலும் குழாய் வழி உணவு, அடிக்கடி வலிப்பு, மூச்சுக் கருவி போன்ற நிலைகள் இருந்தால் இந்தத் தேதிகளைச் சொல்லிக் கேளுங்கள்.

கிடைக்கக்கூடிய வாழ்க்கை

மதிப்பீடு முடிந்து தகுதி உறுதியானால், கவுன்சில் பராமரிப்புத் திட்டமும் அதற்கான தனிப்பட்ட பட்ஜெட்டும் தரும். அதைக் கவுன்சிலே ஏற்பாடு செய்யலாம், அல்லது டைரக்ட் பேமென்ட்டாக வாங்கி நீங்களே ஆள் அமர்த்தலாம். டைரக்ட் பேமென்ட் என்றால் வங்கிக் கணக்கு, சம்பளப் பட்டியல், காப்பீடு என்று வேலை கூடும். ஆனாலும் நம் குடும்பங்களுக்கு அதில் பெரிய நன்மை இருக்கிறது: தமிழ் பேசும் ஒருவரை, வாரம் ஒருநாள் கோவிலுக்குக் கூட்டிப்போகக்கூடிய ஒருவரை, ரசம் சாதம் பிசைந்து தரத் தெரிந்த ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரே வீட்டில் வசிக்கும் நெருங்கிய உறவினருக்கு அந்தப் பணத்தில் சம்பளம் தருவதைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. விதிவிலக்குக்குக் கவுன்சிலின் ஒப்புதல் வேண்டும்.

மொழி, உணவு, வழிபாடு, மகளுக்குக் குளிக்க உதவுபவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது: இவையெல்லாம் மதிப்பீட்டிலேயே எழுதப்பட வேண்டியவை. சலுகை கேட்பதுபோலக் கூச்சப்பட வேண்டாம்.

பகல் மையங்கள் உண்டு. இ.ஹெச்.சி.பி. உள்ள 16 முதல் 24 வயதினருக்குச் சப்போர்ட்டட் இன்டர்ன்ஷிப் உண்டு. உண்மையான வேலையிடத்தில், ஒரு பயிற்றுநர் துணையோடு கற்றுக்கொள்வார்கள். சப்போர்ட்டட் லிவிங் என்றால் தன் பெயரில் வாடகை ஒப்பந்தத்தோடு தனி வீட்டிலோ பகிர்ந்த வீட்டிலோ உதவியாளர் துணையுடன் வாழ்வது. ஷேர்டு லைவ்ஸ் என்றால் பயிற்சி பெற்ற ஒரு குடும்பத்தோடு, அவர்கள் வீட்டிலேயே தங்குவது. பிள்ளை வீட்டைவிட்டுப் போவதா என்று பல பெற்றோருக்கு நெஞ்சு பதறும். வீட்டிலேயே இருப்பதும் முழுமையான தேர்வுதான். ஆனால் 45 வயது அம்மாவுக்கு ஒருநாள் 75 ஆகும். அந்த வயதில், ஓர் அவசரத்தில், மகனை முன்பின் தெரியாத இடத்துக்கு அனுப்புவதைவிட, இருபதுகளிலேயே மாதம் இரண்டு இரவு வேறு இடத்தில் தங்கப் பழக்குவது அவனுக்குச் செய்யும் கருணை என்றே நினைக்கிறேன்.

17 வயது தாண்டிவிட்டதா?

அப்படியானால் இன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் சொன்னது பதிவில் நிற்காது. கவுன்சிலின் குழந்தைகள் பிரிவுக்கும் பெரியவர்கள் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சல், பள்ளிக்கு ஒரு நகல். ஆங்கிலத்தில் இந்த ஐந்து விஷயங்கள் இருந்தால் போதும்:

"என் மகனுக்கு இந்தத் தேதியில் 18 வயது ஆகிறது. அதற்குப் பிறகும் அவனுக்குப் பராமரிப்பும் உதவியும் தேவைப்படும். 2014-ஆம் ஆண்டின் கேர் ஆக்ட் 58-ஆவது பிரிவின்படி அவனுக்கும், 60-ஆவது பிரிவின்படி எனக்கும் மதிப்பீடு செய்யும்படி கேட்கிறேன். தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை. மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தரவும்."

இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் அதே மின்னஞ்சலை மேலே வைத்து மறுபடி அனுப்புங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் கவுன்சிலின் புகார்ப் பிரிவுக்கு எழுதலாம். அங்கேயும் தீரவில்லை என்றால் கவுன்சில்கள் மீதான புகார்களை விசாரிக்கும் லோக்கல் கவர்ன்மென்ட் அண்ட் சோஷியல் கேர் ஆம்புட்ஸ்மன் அலுவலகத்துக்குப் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. அனுப்பிய ஒவ்வொன்றின் தேதியையும் அந்த நோட்டிலேயே குறித்துவையுங்கள்.